எண்ணூரில் கைக்குழந்தையோடு ஒரு வீடு: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை ஒட்டிய நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் எழுப்பிவிட்டன. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. என்ன ஏதென்று புரிவதற்குள் கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி ஊரைவிட்டுத் தள்ளிப் போனார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 400.

அந்த இரவு செய்தியானது. செய்தியாகாத இரவுகள் நிறைய இருக்கின்றன. திருவொற்றியூரில் திடீரென்று கேஸ் சிலிண்டர் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. மணலி பக்கமிருந்து அழுகிய முட்டை நாற்றம். அரை மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். வீட்டில் பெரியவர்கள் "வந்துடுச்சுப்பா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிடலாம். பக்கத்தில் இருபது நாள் குழந்தை தூளியில் கிடந்தால்?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, வடசென்னையின் பிரசவ ஆஸ்பத்திரி. பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையும் அங்கேயே பிறந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கிளம்பும்போது கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று நிச்சயம் இருக்கும்: குழந்தையை நல்ல காற்றோட்டமான அறையில் வையுங்கள். மயிலாப்பூருக்கும் மதுரைக்கும் அது சரியான அறிவுரை. எர்ணாவூரில் இருக்கும் அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி வருகிறது. எந்தக் காற்று?

ஏன் குழந்தைக்கு மட்டும் இவ்வளவு கவலை?

பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால், ஒரே அறையில் படுத்திருக்கும் அம்மாவைவிட இரண்டு மடங்குக்கும் மேலான காற்று குழந்தைக்குள் போகிறது. அதாவது, ஒரே காற்று இரண்டு பேருக்கும் ஒரே அளவில் போவதில்லை.

மூச்சுக்குழாயும் மிகச் சின்னது. பெரியவர்களுக்கு லேசான எரிச்சலாகத் தெரியும் வீக்கம், குழந்தைக்குப் பாதி வழியை அடைத்துவிடும். நுரையீரலின் காற்றுப்பைகள் பிறக்கும்போது முழு எண்ணிக்கையில் இருப்பதில்லை. பெரும்பாலானவை முதல் சில வருடங்களில்தான் உருவாகின்றன. இன்னொன்று, புதிதாக அம்மா ஆனவர்கள் எல்லோரும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும் விஷயம்: முதல் சில மாதங்களுக்குக் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அழும். பால் குடிக்காத குழந்தை தூங்காது, குழந்தை தூங்காத வீட்டில் அம்மாவும் தூங்க முடியாது. தூசி படிந்த ஊரில் "ராத்திரி பூரா அழுகை" என்பதற்குப் பின்னால் சில நேரம் இவ்வளவு சின்னக் காரணம் இருக்கும்.

பிரசவத்துக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் சுவாசித்த காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. 4 கிராம் எல்லாம் ஒரு குறைச்சலா என்று தோன்றும். ஆனால் இது எல்லாக் குழந்தைகளுக்குமான சராசரி. ஏற்கெனவே எடை குறைவாகப் பிறக்கும் விளிம்பில் இருக்கும் குழந்தையை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ள இது போதும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு நிமோனியா அபாயமும் அதிகம்.

காற்றுக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு

வடசென்னைக் கடலோர மக்களுக்கு இது புதிதில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் காற்றின் திசையைக் கணக்கு வைத்துத்தான் படகை எடுக்கிறார்கள். அதே கணக்கு குழந்தை இருக்கும் அறைக்கும் உதவும்.

பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. மதியத்தையொட்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வீசத் தொடங்கும். ராத்திரியில் தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகி, தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று நகரும். இப்போது மேப்பைப் பாருங்கள். சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் இருக்கும் மணலி, மேற்கே. திருவொற்றியூரும் எர்ணாவூரும் கடலோரமாக, கிழக்கே. ராத்திரி தரைக்காற்று மணலியைத் தாண்டித்தான் இந்தப் பக்கம் வருகிறது. வாடை ஏன் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு சிக்கல் சேரும். தரையையொட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். கீழே வரும் புகை மேலே போக வழியில்லாமல் வெயில் ஏறும் வரை அங்கேயே தேங்கும். போகி அன்று காலையில் கண் முன்னால் தெரிவது இதுதான். மற்ற நாட்களில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

இதனால் அடிபடுவது ஒரு பழைய வழக்கம்: விடிந்ததும் குழந்தையை இளவெயிலில் காட்டுவது. மஞ்சள் காமாலைக்கு நல்லது என்பார்கள். மஞ்சள் அதிகமாக இருந்தால் அதற்கு ஆஸ்பத்திரியின் நீல விளக்குச் சிகிச்சைதான் வழி; வாசல் வெயில் அதற்கு ஈடாகாது. அதோடு, குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் காலை ஆறு, ஏழு மணி என்பது காற்று மிகவும் தேங்கி நிற்கும் நேரம். அறையைத் திறந்து காற்றாட விடுவதற்கு, கடல்காற்று எழுந்த பிறகான மதியமும் சாயங்காலமும் பொதுவாக நல்ல நேரம். குழந்தைத் துணியை மொட்டை மாடிக் கொடியில் உலர்த்துவதும் அப்போது என்றால் கரி படிவது குறையும்.

பொதுவாக என்றுதான் சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று வடக்கேயிருந்து இறங்கும். அப்போது அனல்மின் நிலையங்களும் நிலக்கரி இறங்கும் துறைமுகமும் இருக்கும் பக்கத்திலிருந்து அது வரும். எண்ணூர் குப்பங்களுக்கு ஆலை பக்கத்துத் தெரு மாதிரி. அங்கே திசை பார்த்துத் தப்பிப்பது என்பது ஓரளவுக்கு மேல் நடக்காது.

ஆப் பச்சை காட்டுகிறது, மூக்கு எரிகிறது

போனில் காற்றுத்தரம் பார்க்கும் பழக்கம் இப்போது பலருக்கும் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் அளவுகள் வரும். உபயோகமானதுதான். ஆனால் அது என்ன சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.க்யூ.ஐ. எனப்படும் அந்த எண், பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ராத்திரி ஒரு மணிக்கு அரை மணி நேரம் வந்துபோன நெடி, மீதி 23 மணி நேரத்தோடு கலந்து கரைந்துவிடும். இரண்டாவது, அந்தக் கணக்கில் எட்டு மாசுகள்தான் இருக்கின்றன: இரண்டு வகைத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. கேஸ் சிலிண்டர் வாடை தரும் மெர்காப்டன் இல்லை. பெட்ரோல் வாடை தரும் ஆவிகளும் இல்லை. இந்தப் பகுதி மக்கள் எதைப் பற்றி அதிகமாகப் புகார் சொல்கிறார்களோ, அதற்கு அந்த எண்ணில் இடமே இல்லை. "ஆப்ல ஓகேன்னு காட்டுதே, நீதான் பயப்படுற" என்று அம்மாவிடம் சொல்வதற்கு முன் வீட்டில் உள்ளவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

மூக்கையும் முழுதாக நம்ப முடியாது. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

வீட்டுக்குள்ளே எழும் புகை

இங்கேதான் கொஞ்சம் சங்கடமான பேச்சு. வெளியே வரும் புகைக்கு அம்மா பொறுப்பில்லை. ஆனால் ஜன்னலை மூடிவிட்டு உள்ளே இரண்டு புகை போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ஒன்று சாம்பிராணி. குழந்தையைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டாத பாட்டி அபூர்வம். அந்த வாசனைதான் பலருக்குக் 'குழந்தை இருக்கும் வீடு' என்பதன் ஞாபகமே. சளி பிடிக்காது என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள். ஆனால் கரி நெருப்பின் மேல் பிசின் எரிந்து வரும் புகை, நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்ததுதான். தலை உலர வேண்டும் என்றால் பருத்தித் துண்டு போதும். பாட்டி கேட்கவே மாட்டார் என்றால், குழந்தை இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டு, புகை அடங்கிய பிறகு குழந்தையைக் கொண்டுபோகலாம். சண்டையும் இல்லை.

இன்னொன்று கொசுவத்திச் சுருள். பக்கிங்ஹாம் கால்வாயோரம் இருப்பவர்களுக்குக் கொசு எப்படிப்பட்ட எதிரி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில், ராத்திரி முழுக்க, தூளிக்குக் கீழே! கொசுவலை பழைய காலத்துச் சாமான் மாதிரித் தெரிந்தாலும் இதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. தமிழக அரசு 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தைக்கான வலையும் ஒன்று. பல வீடுகளில் அது பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கும்.

பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, தாளிக்கும்போது குழந்தையை அடுப்படிக்கு அப்பால் வைப்பது, வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதோடு சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னது அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும்.

தாய்ப்பால் பற்றி ஒரு பயம் உண்டு. இந்தக் காற்றைச் சுவாசித்த என் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்கு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் குறைவு. காற்று மோசமான இடத்தில் அந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகம் தேவை.

நெடி வந்துவிட்டால்

கடுமையான நெடி என்றால் முதல் வேலை அங்கிருந்து விலகுவது. நெடி வரும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். வெளியேற முடியாத நிலை என்றால் ஜன்னல், கதவை மூடி, ஏ.சி., எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டு வைக்கலாம். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் பெரியவர்கள் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது உதவும். கைக்குழந்தையின் மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியை அழுத்தி வைக்கக் கூடாது. மூச்சு அடைத்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க்கும் கூடாது. தரையோடு தாழ்ந்து படுத்தால் தப்பிக்கலாம் என்பதையும் அம்மோனியா விஷயத்தில் நம்ப வேண்டாம். அது காற்றைவிட லேசானதுதான், ஆனால் ஈரப்பதமான குளிர்ந்த இரவில் தரையோடு மேகமாகத் தவழும். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் உடுத்தியதை மாற்றி, நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும்.

நெடி போன பிறகு பார்க்க வேண்டியது குழந்தையின் மூச்சு. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், போன் கடிகாரம் போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம், பச்சைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்ளே இழுத்தால், முனகினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலமானால் காத்திருக்கவே கூடாது. 108-க்கு அழைத்து, ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். அவ்வளவு அவசரமில்லை, சந்தேகம் கேட்க வேண்டும் என்றால் 104.

அம்மாவின் கையில் இல்லாதவை

இத்தனையும் ஒரு வீட்டுக்குள் செய்ய முடிந்தவை. இதைப் படித்துவிட்டு, குழந்தைக்குச் சளி பிடித்தால் "நீ ஜன்னலைத் திறந்துட்ட" என்று அம்மாவைக் குறை சொல்ல யாராவது கிளம்பினால், அவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு.

ராயபுரத்தில் ஒரு காலத்தில் கொடியில் போட்ட வெள்ளைத் துணி கறுத்துப்போகும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரித் தூள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. நிலக்கரி எங்கே போனது? இன்னும் வடக்கே, எண்ணூர் துறைமுகத்துக்கு. ராயபுரத்துக் குழந்தைக்குக் கிடைத்த நிம்மதியின் கணக்கு எண்ணூர்க் குழந்தையின் பெயரில் எழுதப்பட்டது. 2017-ல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 2024 மார்ச்சில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவி, காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம் வீட்டு வாசல்களில் ஒட்டியது. மூன்று வாரத்துக்குள் அம்மோனியா. அந்த மாதத் தொடக்கத்தில் பிறந்த ஒரு குழந்தை, வெள்ளம், எண்ணெய் வாடை, வாயுக் கசிவு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போயிருக்கும்.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதிகாரிகள் வருவதற்குள் நெடி போய்விடுவது இந்தப் பகுதியில் பழைய கதை. அதனால் குறித்துவைப்பது முக்கியம்: தேதி, நேரம், எந்த மாதிரி வாடை, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, குழந்தைக்கு என்ன ஆனது. தெரு வாட்ஸ்அப் குழுவில் பத்து வீட்டுக்காரர்கள் இதே போல் எழுதிவைத்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ 1100-க்கோ புகார் போகும்போது அதற்கு எடை கூடும். தடுப்பூசிக்குப் போகும்போது சுகாதார நிலைய டாக்டரிடமும் சொல்லுங்கள். குழந்தை எங்கே தூங்குகிறது என்பதும் மருத்துவத் தகவல்தான்.

சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பு கிடைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் சமயத்தில் அது முடிகிறது. காசிமேட்டில் மீன் விற்பவர்களுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்தக் கணக்கே இல்லை, இரண்டு மூன்று மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அதன் பிறகு பகலில் குழந்தை பாட்டியிடம். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில், பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் ஒரு நிமிடம் டைமர் போட்டு, இருவரும் சேர்ந்து குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்துவிடலாம். 104, 108 இரண்டையும் அவருடைய போனில் பெரிய எழுத்தில் சேமித்துவைக்கலாம்.